தியானம் முடிந்த மறுவாரம்

தவக்காலம் நெருங்கினால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நோட்டீஸ்கள் கிளம்பிவிடும். கத்தோலிக்கப் பங்குகளில் மூன்று நாள் தியானம், லுத்தரன் சபைகளில் லெந்து கூட்டங்கள், பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம். பிரசங்கியார் பெரும்பாலும் வெளியூர்க்காரர். வாடகை ஒலிபெருக்கி, பிளாஸ்டிக் நாற்காலி, கடைசி நாளில் சோற்றுப் பொட்டலம். மூன்றாம் நாள் இரவில் பலர் அழுகிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் கைகொடுத்துக்கொள்கிறார்கள். குடியை விட்டுவிடுவதாக ஆண்கள் பொருத்தனை செய்கிறார்கள். மறுவாரமே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது என்று குறைப்படாத பங்குத்தந்தையும் இல்லை, போதகரும் இல்லை.

இந்தக் குறைக்கு வயது அதிகம். விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் எபேசு சபையின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டே இதுதான். உழைப்பு உண்டு, பொறுமை உண்டு, கள்ளப் போதகரைக் கண்டுபிடிக்கும் கூர்மையும் உண்டு. தொடக்கத்தில் இருந்த அன்பு மட்டும் போய்விட்டது. அந்தச் சபை தோன்றி அரை நூற்றாண்டு ஆகியிருக்காது. அங்கே சொல்லப்படும் மருந்தைப் பிரசங்கியார்கள் பலர் பாதிதான் எடுத்துச் சொல்கிறார்கள். விழுந்த இடத்தை நினைத்துப் பார், மனம் திரும்பு என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கடிதம் மூன்றாவதாக ஒன்றும் கேட்கிறது. ஆதியில் செய்த செயல்களை மறுபடி செய்யச் சொல்கிறது. ஆதியில் உணர்ந்த உணர்ச்சியை மறுபடி வரவழைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆன்மிக அனல் குறித்து இருபது நூற்றாண்டுகளாக நடந்துவரும் விவாதம் முழுவதும் ஏறக்குறைய இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

முதலில் இதைக் கூர்ந்து கவனித்தவர்கள் எகிப்தின் பாலைவனத் துறவிகள். நான்காம் நூற்றாண்டில் எவாகிரியுஸ் நண்பகல் பேய் ஒன்றைப் பற்றி எழுதினார். உச்சி வெயிலில் துறவி சாளரத்தின் வழியே சூரியனைப் பார்க்கிறான். சாப்பாட்டு வேளை இன்னும் வரவில்லை. வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறான். இந்த இடமே சரியில்லை, வேறு ஊருக்குப் போனால் கடவுளை நன்றாகத் தேடலாம் என்று தோன்றுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு, அடுத்த மாற்றல் எப்போது வரும் என்று யோசித்தபடி செல்போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஊழியர்கள் இந்தப் படத்தில் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். துறவிகள் சொன்ன வைத்தியம் மிகச் சாதாரணமானது: அறையை விட்டு வெளியேறாதே, கையால் ஏதாவது வேலை செய்.

லொயோலா இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் இதை இன்னும் நுட்பமாகப் பிரித்தார். வறட்சிக்கு அவர் மூன்று காரணங்கள் காட்டுகிறார். நம்முடைய அசட்டை ஒன்று. ஆறுதல் இல்லாதபோதும் நிற்கிறோமா என்ற சோதனை ஒன்று. பக்தி நம் சம்பாத்தியமல்ல, கொடை என்று தெரிந்துகொள்வதற்கான பாடம் மற்றொன்று. வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த நல்ல முடிவுகளை மாற்றாதே என்பது அவர் விதி. சிலுவை யோவான் ஒருபடி மேலே போய், இருண்ட இரவு என்பதே கடவுள் ஆன்மாவை வளர்க்கும் வழியாக இருக்கலாம் என்றார். திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட நற்செய்தியின் மகிழ்ச்சி என்னும் ஊக்கவுரையில், அருள்பணியாளர்களைப் பீடிக்கும் இந்தச் சோர்வுக்குத் தனியாகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். வேலை மிகுந்ததால் மட்டும் அது வருவதில்லை, உந்துதல் இல்லாமல் செய்யும் வேலையால் வருகிறது என்பது அவர் கணிப்பு.

நம் மேடைகளில் இந்த நுட்பம் அரிது. அனல் குறைந்தால் பாவம், இல்லாவிட்டால் பிசாசு என்று இரண்டே கட்டங்களில் அடக்கிவிடுகிறார்கள். விடியற்காலையில் கரும்பு வெட்டப் போய், மாலையில் சோறாக்கி, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு ஜெபத்தில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடும் பெண்ணுக்கு ஆவிக்குரிய வாழ்க்கையில் ஒரு கோளாறும் இல்லை. அவளுக்குத் தூக்கம் வேண்டும், ஏற்றமான கூலி வேண்டும். அவளைத் தட்டி எழுப்பி மைக்கில் கடிந்துகொள்வது ஊழியம் ஆகாது.

சீர்திருத்த சபைகளின் பக்கம் வருவோம். ஜெர்மானிய லுத்தரன் சபை கோட்பாட்டுச் சண்டைகளில் இறுகிக் கிடந்த காலத்தில், பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1675இல் ஒரு சிறு நூல் எழுதினார். வீடுகளில் சிறு குழுக்களாகக் கூடுங்கள், வேதத்தைச் சேர்ந்து படியுங்கள், பொதுநிலையினருக்கும் பொறுப்புக் கொடுங்கள் என்பதே அதன் சாரம். அதன் விளைவு ஹாலே நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமாகவும் பள்ளியாகவும் உருவெடுத்தது. அங்கிருந்து உருவான சீகன்பால்கு, புளூட்சோ இருவரும் 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டு லுத்தரன்கள் ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள்: அவர்களுடைய சபையே ஓர் ஆன்மிகப் புதுப்பித்தலின் பிள்ளை. இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி பெரிய திறந்தவெளிக் கூட்டங்களால் பேர் பெற்றவர். ஆனால் அவர் இயக்கத்தைத் தாங்கியது பன்னிரண்டு பேர் அளவில் வாரந்தோறும் கூடிய வகுப்புக் கூட்டம். இந்த வாரம் எப்படி வாழ்ந்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் இடம் அது. அமெரிக்க எழுப்புதலின் முன்னணியில் நின்ற ஜோனத்தன் எட்வர்ட்ஸ், 1746இல் எழுதிய நூலில் உண்மையான பக்தி உணர்ச்சிக்குப் பன்னிரண்டு அடையாளங்கள் வகுத்தார். கண்ணீர், நடுக்கம், சத்தம் இவற்றை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். கடைசி அடையாளமாக அவர் வைத்தது நடைமுறை வாழ்க்கை.

தமிழ் மண்ணுக்கு இதெல்லாம் அந்நியமும் அல்ல. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் இருக்கும் திருக்கோவலூரில்தான், மழை இரவில் ஒரு குறுகிய இடைகழியில் முதலாழ்வார் மூவரும் ஒதுங்கியதாக வைணவ மரபு சொல்கிறது. ஒருவர் படுக்கலாம் என்ற இடத்தில் இருவர் உட்கார்ந்தார்கள், மூன்றாமவர் வந்ததும் எல்லோரும் நின்றார்கள், அந்த நெருக்கத்தில்தான் நான்காமவரை உணர்ந்தார்கள் என்பது கதை. வேதநாயக சாஸ்திரியாரும் கிருஷ்ணபிள்ளையும் கிறிஸ்துவைப் பாடியபோது அவர்களுடைய நாவில் வந்தது இந்தப் பக்தி மரபின் மொழிதான். பக்கத்துக் கோனான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவரும் அதே மொழியில்தான் தேம்பாவணி இயற்றினார். உருக்கம் நமக்குக் குறைவில்லை. இன்னொருவருக்கு இடம்விட்டு எழுந்து நிற்பதில்தான் தகராறு.

தமிழ்நாட்டின் முதல் பெரிய எழுப்புதல் என்று சொல்லத்தக்கது 1860இல் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தியான்பேட்டையைச் சுற்றி எழுந்தது. அதன் நடுவில் நின்றவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். பாவ அறிக்கை, நடுக்கம், அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் அங்கே நடந்தன. மிஷனெரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் மற்றொரு செய்தி எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. வெளிநாட்டுச் சம்பளம் வாங்காமல் ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொன்ன உள்ளூர் ஆட்கள் அந்த இயக்கத்தில் இருந்தார்கள், பெண்கள் உட்பட. அனல் வேலையாக மாறியது. இதே அலை திருவிதாங்கூருக்குப் போனபோது வேறு விதமாக முடிந்தது. வித்வான் குட்டி என்று பெயர்பெற்ற ஜஸ்டஸ் ஜோசப்பின் கூட்டம் 1881இல் கிறிஸ்து வருவார் என்று கணக்குப் போட்டது. ஆண்டு வந்தது, வருகை நிகழவில்லை, கூட்டம் சிதறியது. அடுத்த வீட்டுக்காரனை விட்டுவிட்டு நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டது அந்த அனல்.

திருநெல்வேலிச் சபையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் கதை இதற்கு நேர் எதிர். 1902இல் அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் தமிழகக் கரைக்கு ஓர் ஊழியரை அனுப்பியிருப்பதைக் கண்டு கூசினார். எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை அப்படி ஒன்றும் செய்யவில்லையே என்ற கூச்சம் அது. அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரியில், திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. ஆட்கள் தோர்ணக்கல் போய் தெலுங்கு படித்தார்கள். பிற்பாடு அசரியாவே அங்கே பேராயரானார். 1910 எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே, நீங்கள் உழைத்தது போதாது, நட்பும் வேண்டும் என்று கேட்டவர் அவர். எழுப்புதலைத் தேடி அவர் புறப்படவில்லை. ஒரு கடமையைத் தேடிப் போனார், பின்னாலேயே எழுப்புதல் வந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, 1959இல், விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் பழகிய தமிழ் இளைஞர்கள் நண்பர் சுவிசேஷ ஜெபக் குழுவைத் தொடங்கினார்கள். அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஓர் ஊரில் சிலர் வாரந்தோறும் கூடி ஜெபிக்கிறார்கள்; அந்தக் குழுக்கள் தாங்களே காணிக்கை எடுத்து மிஷனெரிகளைத் தாங்குகின்றன. ஜெபம் குறைந்தால் ராஜ்மகால் மலையில் மால்தோ மக்களிடையே இருக்கும் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும் என்று தெரிந்தவர் ஜெபக்கூட்டத்துக்கு வராமல் இருக்க யோசிப்பார். அனலைக் காக்க இதைவிட நல்ல உபாயம் தமிழ்ச் சபைகளில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இன்னொரு வழி ஆசிரமம். ஜவ்வாது மலைக்குப் பக்கத்தில் திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் யேசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். கதர் உடை, எளிய சாப்பாடு, குறித்த நேரத்தில் ஜெபம், மற்ற நேரத்தில் நோயாளிகள். தமிழ்க் கோயில் அமைப்பிலேயே ஆலயம் கட்டினார்கள். அங்கே உரத்த குரல் கிடையாது. கவர்ச்சியும் கிடையாது என்பதால்தான் அது பெரிய இயக்கமாகப் பரவவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. பரவுவது ஒன்றுதான் அளவுகோல் என்றால் அவர்கள் சொல்வது சரி.

இனி கள்ளக்குறிச்சிக்கே வரலாம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. பழைய தென்னாற்காடு. இங்குள்ள லுத்தரன் சபையின் பிறப்பிலேயே ஒரு சண்டை இருக்கிறது. தரங்கம்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட லைப்சிக் மிஷன், சபைக்குள் சாதி வழக்கங்களைப் பொறுத்துப் போகலாம் என்ற போக்கில் இருந்தது. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனெரி அதை ஏற்க மறுத்து வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானி என்ற நிலையத்தை அமைத்தார். டேனிஷ் மிஷனெரிச் சங்கம் அவரோடு கைகோத்தது. அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருக்கோவலூரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி என்று மக்கள் இன்றும் சொல்லும் மருத்துவமனையும் அதன் தொடர்ச்சி. ஓக்ஸ் பிடிவாதக்காரர், எல்லோரோடும் ஒத்துப்போனவர் அல்ல. ஆனால் திருப்பந்தியில் ஒரே கிண்ணம் என்பதை வெறும் சடங்கு ஒழுங்காக அவர் பார்க்கவில்லை, விசுவாசத்தின் உயிர்நாடியாகப் பார்த்தார்.

அதே மண்ணில், உளுந்தூர்பேட்டைக்கு அருகே இறையூர் இருக்கிறது. ஜெபமாலை அன்னை ஆலயத்தைச் சுற்றி எழுந்த பெரிய, பழைய கத்தோலிக்க ஊர். பக்திக்கு அங்கே பஞ்சம் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அங்குள்ள தலித் கத்தோலிக்கர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த குறைகள் மிகக் குறிப்பானவை. சாவு ஊர்வலம் பொதுத்தெரு வழியாக ஆலயத்துக்கு வர முடிவதில்லை. கல்லறையும் தனி. தங்கள் சகாயமாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்று கேட்டு 2008 மார்ச்சில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. கலவரத்தை அடக்கப் போலீஸ் சுட்டதில் வன்னியக் கத்தோலிக்கர் இருவர் உயிரிழந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஞானஸ்நானம், ஒரே ஜெபமாலை.

அன்று என்ன நாள் என்று பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 23. ஆகவே மார்ச் 9 தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. நோன்பு, சிலுவைப்பாதை, பாவசங்கீர்த்தனம் என்று ஆன்மிகப் புதுப்பித்தலுக்கென்றே திருச்சபை ஒதுக்கிய நாற்பது நாட்களின் உச்சம் அது. அந்த நாட்களில் நோன்பு இருந்தவர்கள் பொய்யாக இருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணீரும் உண்மைதான். தெருவின் திருப்பத்தில் அந்தக் கண்ணீர் நின்றுவிட்டது. பக்தி முயற்சிகளைக் கூட்டினால் சாதி தானாகக் கரையும் என்று நம்புகிறவர்கள் இறையூருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு அன்பியங்களை ஒரு மருந்தாக வைத்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் கூடி இறைவார்த்தையை வாசித்து, தெருவின் தேவைகளைப் பேசித் தீர்க்கும் அமைப்பு. ஸ்பேனரும் வெஸ்லியும் கேட்டதும் ஏறத்தாழ இதுதான். நல்ல ஏற்பாடு. ஆனால் நம் ஊர்களில் தெருவை வைத்து அன்பியம் பிரித்தால் சாதியை வைத்துப் பிரித்ததாகிவிடுகிறது. ஒரு தெருவின் அன்பியமும் அடுத்த தெருவின் அன்பியமும் மாறி மாறி ஒருவர் வீட்டில் மற்றவர் கூடினால் ஒழிய, அது பழைய வேலிக்குப் புதுப் பெயர்தான். பெந்தெகொஸ்தே சபைகளும் இதில் தப்பவில்லை. தொடக்கத்தில் சாதி பாராமல் ஒரே பாயில் உட்காரவைத்தது அவர்களுடைய பெரிய பலம். கல்யாணப் பேச்சு வரும்போது எத்தனை பேர் அதே பாயில் உட்காருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

மேற்கே கல்வராயன் மலை. மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இந்த மலையை 1976இல்தான் அரசு எடுத்துக்கொண்டது. அதுவரை மலையாளிப் பழங்குடியினர் ஜாகிருக்கு உழைத்தவர்கள். இன்றும் மரவள்ளியும் மானாவாரியும் கைகொடுக்காத மாதங்களில் கேரளம், கர்நாடகம் என்று காப்பித் தோட்டங்களுக்குப் போகிறார்கள். அவர்களுடைய சாமி கரியராமன். சமவெளியின் கிறிஸ்தவ ஆர்வம் இந்த மலையைப் பார்க்கும் விதம் எனக்கு உவப்பாக இல்லை. விடுமுறை நாளில் வேன் பிடித்து ஏறி, துண்டுப்பிரசுரம் கொடுத்து, படம் எடுத்து, மாலையில் இறங்கிவிட்டு, அடுத்த ஞாயிறு சாட்சி சொல்வது ஊழியம் என்று பேர் பெற்றுவிட்டது. மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராகப் போய், மழைக்காலத்திலும் இறங்காமல் இருப்பவர் எந்த மதமானாலும் எந்தச் சாட்சியும் சொல்ல வேண்டியதில்லை. அங்குள்ளவர்களுக்கே தெரியும்.

மலையும் ஊரும் சந்தித்த கசப்பான இடம் கள்ளச்சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். அதையடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்து வழக்கை எடுத்துக்கொண்டது. தியான மேடையில் குடியை விடுவதாகச் செய்யும் பொருத்தனையை இந்தச் சாவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குடிநோய் ஓர் இரவில் போவதில்லை. அமெரிக்காவில் ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவப் புதுப்பித்தல் இயக்கத்தின் அரவணைப்பில் குடியை விட்ட இருவர், 1935இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். பாவ அறிக்கை, நஷ்டஈடு, மற்றவருக்கு உதவுதல் என்று அந்த இயக்கத்தின் பழக்கங்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய கூட்டத்துக்குப் பதிலாக ஓயாமல் நடக்கும் சிறு கூட்டங்கள். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது. பிரசங்கியார் இல்லை, இன்னொரு குடிநோயாளிதான் துணை. ஆலய வளாகத்தில் ஓர் அறை, இருபது நாற்காலி, ஒரு தேநீர்க் கேன் இருந்தால் இதை எந்தப் பங்கும் தொடங்கலாம். மூன்று நாள் தியானத்தின் ஒலிபெருக்கி வாடகையில் ஓராண்டு நடத்தலாம்.

கூட்டங்களே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. சோர்ந்தவரை உசுப்ப ஒரு பிரசங்கம் வேண்டும், சேர்ந்து பாட ஓர் இரவு வேண்டும். கத்தோலிக்கர்களிடையே 1970களிலிருந்து அருங்கொடை இயக்கம் விவிலியத்தைப் பொதுமக்கள் கையில் கொடுத்தது சிறிய நன்மை அல்ல. ஆனால் எழுப்புதல் என்று தனியாக ஒன்றைத் தேடிப் போனவர்களுக்கு அது நிலைத்ததாக இந்த வரலாற்றில் எங்கும் காணோம். யாரோ ஒருவரின் சுமையில் தோள் கொடுக்கப் போனவர்களுக்கு அது கேட்காமலேயே கிடைத்திருக்கிறது. ஹாலேயில் அநாதைப் பிள்ளை, தோர்ணக்கலில் தெலுங்கு கிராமத்தான், திருப்பத்தூரில் நோயாளி, மேல்பட்டாம்பாக்கத்தில் தனிக்கிண்ணம் ஒதுக்கப்பட்டவன்.

ஆகவே அடுத்த தவக்காலத்துக்குப் பிரசங்கியாரின் தேதி வாங்குமுன், பங்குப் பேரவையும் சபைக் கமிட்டியும் ஒரு மாலை உட்கார்ந்து தங்கள் ஊர்க் கல்லறையின் வரைபடத்தை மேசைமேல் விரிக்கட்டும். நடுவில் சுவர் இருந்தால் தியானத்தின் முதல் நாள் வேலை அதை இடிப்பது. பிரசங்கம் இரண்டாம் நாளிலிருந்து இருக்கட்டும்.